ஒரு குழாய் வெளிச்சம்

இங்கே சொல்லப்போவதில் ஒரு சொல்கூடக் கூட்டியது இல்லை, குறைத்ததும் இல்லை. தலையில் கை வைத்து, கண்ணை நன்றாகத் திறந்துகொண்டே செய்கிற சத்தியம் இது. நம்பாதவர்கள் அந்த ஆய்வகத்தின் மூன்றாம் மாடிக்குப் போய் நடைவழியில் இருக்கும் தொட்டிச் செடியைப் பார்க்கலாம். இன்னும் கோணலாகத்தான் நிற்கிறது.

அந்த மாடியில் துளி என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. நாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அளவில் எதையோ உறிஞ்சி எதிலோ விட்டுக்கொண்டே இருந்ததால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முனைவர் பட்டம் வாங்கிய கையோடு இரண்டு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தவள். அந்த ஒப்பந்தம் கதை நடந்த வாரம் வெள்ளிக்கிழமையோடு முடிய இருந்தது.

உயிருக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவர்கள் ஏராளம். துளி எழுதுகிற கட்சி. பாக்டீரியாவுக்காக அவள் மூவாயிரத்து இருநூறு எழுத்தில் ஒரு மரபணுத் தொகுப்பு எழுதியிருந்தாள். அதன் பொருள் இவ்வளவுதான்: தனியாக இருக்கும்போது சும்மா இருங்கள், கூட்டம் சேர்ந்ததும் எல்லோரும் ஒன்றாக ஒளிருங்கள், ஒன்றாக அணையுங்கள், மறுபடி ஒளிருங்கள். கணினியில் எழுதி அனுப்பினால், எங்கோ ஒரு தொழிற்சாலையில் அதை அப்படியே டி.என்.ஏ.வாகச் செய்து, உப்புக்கல்லில் பாதிகூட இல்லாத அளவில் குப்பியில் அடைத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் குப்பியை முதல்முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது துளிக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன் நினைப்பு ஒன்று பொருளாகி, விரலிடுக்கில் நிற்கிறது!

பாக்டீரியாக்கள் அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டன. பிள்ளைகளுக்கும் பிரதி எடுத்துக் கொடுத்தன. சொன்னதை மட்டும் செய்யவில்லை. அவற்றுக்கு இருபது நிமிடத்தில் ஒரு தலைமுறை. துளி காபி குடித்துக் கோப்பையைக் கழுவி வைப்பதற்குள் மகள் தாயாகிவிடுவாள். இரண்டு வருடத்தில் ஐம்பதாயிரம் தலைமுறை போய்விட்டது. ஐம்பதாயிரமும் ஒரே பிடிவாதம். இருட்டு.

"என்ன துளி, பிள்ளைங்க கண்ணத் தொறந்தாங்களா?" என்று காலையில் முதல் வேலையாகக் கேட்பான் தாடி. அடுத்த மேசைக்காரன்; அவளுக்கு நாலு வருடம் மூத்தவன்.

"உன் தாடிய எடு, அவங்களுக்குப் பயம் போகும்."

அம்மா தொலைபேசியில் வேறு விதமாகக் கேட்பாள். "கிருமி வளர்க்கவாடி இத்தனை படிப்பு? பாத்திரத்தக் கழுவாம ரெண்டு நாள் போட்டு வை. தானா வளருது."

"அது ஒளிராதும்மா."

"உன்னுது ஒளிருதா?"

துளி பேச்சை மாற்றிவிடுவாள்.

ஆய்வகத்தின் தலைவி கேலி செய்கிற ஆள் இல்லை. அதுதான் பயம். அவருக்கு ஒரே சட்டம்: குறிப்பேட்டில் இல்லாதது நடக்கவே இல்லை. அன்றன்று பார்த்ததை அன்றன்றே மையால் எழுத வேண்டும். எழுதியவர் கையெழுத்து, கீழே பார்த்தவர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து. திங்கட்கிழமை துளியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நல்ல செய்தி கிடையாது.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இருட்டறைக்கு வரேன். ஒளிர்ந்தா இன்னும் மூணு வருஷம் இங்க இருக்கலாம். இல்லன்னா எல்லாக் குழாயும் கிருமி கொல்ற கொதிகலனுக்குப் போகட்டும். நீயும் வேற வேலை தேடிக்கம்மா."

கடைசித் தடவையாக எட்டுக் குழாய் தயார் செய்தாள் துளி. ஏழில் அவள் எழுதியதன் ஏழு திருத்தங்கள். எட்டாவது வெறுங்குழாய், அதில் இருக்கும் பாக்டீரியாவுக்குள் அவள் எழுதியது ஓர் எழுத்தும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒன்று வேண்டும். மார்க்கர் பேனாவால் ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டாள். வெள்ளி காலை ஒன்பது மணிக்கு, தலைவி வருகிறாரே, சுத்தமாக இருக்கட்டும் என்று ஸ்பிரிட் தெளித்து ஒவ்வொன்றையும் பளபளவென்று துடைத்தாள். குழாய்கள் பளபளத்தன. எண்கள் போய்விட்டன. மார்க்கர் மையும் ஸ்பிரிட்டும் ஜென்மப் பகை என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒருமுறையாவது மறப்பார்கள். துளி அந்த ஒருமுறையை நல்ல நாள் பார்த்து வைத்திருந்தாள்.

"போச்சு," என்றாள்.

தாடி எட்டிப் பார்த்தான். "எதுவும் எரியப்போறதில்ல. எண் இருந்தா என்ன, இல்லன்னா என்ன?"

ஆறுதல் சொல்வதில் அவன் எப்போதும் அப்படித்தான்.

பதினோரு மணிக்கு மூவரும் இருட்டறைக்குள் போனார்கள். ஜன்னல் இல்லாத அறை. தலைவி விளக்கை அணைத்தார். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு போயிற்று. தாடியின் வயிறு இரைந்தது மட்டும் கேட்டது.

மூன்றாவது நிமிடத்தில் வரிசையின் நடுவில் ஒரு குழாய் லேசாக நீலம் பூத்தது. துளி கண்ணைக் கசக்கிக்கொண்டாள். நீலம் போகவில்லை. ஏறியது. குழாய் முழுக்க நிறைந்து, மேசையில் வழிந்து, தலைவியின் முகவாய்க்கு ஏறி, மூவரின் நிழலையும் சுவரில் எழுதியது. பிறகு, யாரோ மூச்சை உள்ளே இழுத்த மாதிரி, அடங்கியது. மறுபடி ஏறியது.

அந்த ஒரு குழாயில் நானூறு கோடிப் பேர். கண் கிடையாது, காது கிடையாது, தலையாட்ட ஒரு தலைவர் கிடையாது. ஒருவர்கூடத் தாளம் தப்பவில்லை. துளிக்குக் கண்ணில் நீர் கட்டியது. இதை நான் எழுதினேன் என்று நினைத்தாள். அடுத்த மூச்சிலேயே, இல்லை, நான் வெறும் மூவாயிரத்து இருநூறு எழுத்துதான் எழுதினேன், மற்ற எல்லாவற்றையும் இவை எப்போதோ தெரிந்துவைத்திருந்தன என்று தோன்றி உடம்பு சிலிர்த்தது.

வெளிச்சம் அடுத்த முறை ஏறியபோது சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு விதிகளின் பொடி எழுத்தைத் தாடி உரக்க வாசித்தான். பதினேழு விதி. அதற்கு முன் அந்த மாடியில் யாரும் அதை வாசித்ததில்லை. கதவிடுக்கு வழியே ஒளி நடைவழிக்குக் கசிந்ததில் தொட்டிச் செடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிவிட்டு இருட்டறைப் பக்கம் சாய்ந்தது. தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொள்ள மறந்து, பதினோரு நிமிடம் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"எந்தக் குழாய் இது?" என்றார் கடைசியில்.

துளி குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எண் அழிந்த கதையைச் சொன்னாள்.

"அப்ப இது வெறுங்குழாயாவும் இருக்கலாம்."

"இருக்கலாம் மேடம்."

"வெறுங்குழாய்னா நீ எழுதினதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"ஆமா மேடம்."

"டி.என்.ஏ. எழுத்து வாசிக்கிற இடத்துக்கு ஒரு சொட்டு அனுப்பு. செவ்வாய்க்கிழமை தெரியும். அதுவரைக்கும் உன் நாற்காலி இங்கதான்."

அந்த மூன்று நாளும் துளிக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை அம்மாவைக் காணொளியில் கூப்பிட்டுக் குழாயைக் காட்டினாள்.

"யாருடி டார்ச் அடிக்கிறது? கண்ணு கூசுது."

"அதுங்கதாம்மா. நான் எழுதினதப் படிச்சுட்டு ஒளிருதுங்க. நான் எழுதினதாத்தான் இருக்கணும்."

அம்மா முகத்தில் நீலம் ஏறி இறங்கியது. இரண்டு முறை ஏறி இறங்கும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அது சாதனை.

"உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குமே," என்றாள் பிறகு. "அதுங்களுக்கு எப்படிடி புரிஞ்சுது?"

செவ்வாய்க்கிழமை மதியம் முடிவு வந்தது. துளி திரையை ஒரு விரலால் தடவித் தடவி வாசித்தாள். தாடி தோளுக்கு மேல் மூச்சு விட்டான். மூவாயிரத்து இருநூறும் இருந்தன. ஓர் எழுத்துகூட உதிரவில்லை. வெறுங்குழாய் இல்லை; அவளுடைய ஐந்தாம் திருத்தம்.

"பிள்ளைங்க அம்மாவைக் கைவிடல," என்றான் தாடி. சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

தலைவி துளியை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று சாயங்காலம் துளி நடைவழியில் போகும்போது கோணல் செடிக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாள். அதுவும் பார்த்த சாட்சிதானே.

தன்னில் இல்லாதது நடக்கவே இல்லை என்று தலைவி சொல்கிற அந்த ஆய்வகக் குறிப்பேட்டில், அந்த வெள்ளிக்கிழமையின் பக்கத்தில், கோழி கிளறிய கையெழுத்தில், கீழே தலைவியின் சாட்சிக் கையெழுத்தோடு, ஒரே ஒரு வரி இருக்கிறது: "எட்டுக் குழாயும் இருட்டு."