மக்கும் பெட்டியில் வந்த மருந்து

1

ஒரு நாய் என்னைக் கடித்திராவிட்டால் இந்தக் கதையை நான் எழுதியிருக்க மாட்டேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து, ‘ஓகோ, இந்த ஆளுக்குச் சொந்தப் பயம் ஏதோ இருக்கிறது’ என்று நினைப்பதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. ஆமாம், பயம்தான்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குச் சாளை வாங்கப் போயிருந்தேன். ஏலக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு செம்பட்டை நாய் வந்தது. குரைக்கவில்லை, உறுமவில்லை. நேராக வந்து என் கெண்டைக்காலைக் கவ்வியது. என்னை விட்டதும், கருவாட்டுக்கு உப்பு இறக்க வந்திருந்த லாரி டிரைவர் ஒருவரைக் கடித்தது. அதன் வாயில் எச்சில் நூலாகத் தொங்கியது. கூடியவர்கள் அதை அடித்துக் கொன்று கடலில் தள்ளிவிட்டார்கள். அதற்கு வெறி இருந்ததா என்று இனி யாரும் சோதித்துப் பார்க்க முடியாது.

பக்கத்திலிருந்த சின்ன கிளினிக்கில் எங்கள் இருவருக்கும் ஊசி போட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து சாளைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். நாயை மறந்தும்விட்டேன்.

பிறகொரு நாள் காலையில் மில்லர்புரத்தில் என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து, நாற்பது வயதிருக்கும்.

“அண்ணாச்சி, ஒங்களுக்குப் போட்ட ஊசி மருந்து கெட்டுப்போனதா இருக்கலாம். அது வந்த பெட்டி நான் செஞ்சது” என்றாள்.

அவள்தான் விஜிலா. இது அவளுடைய கதை. இடையிடையே என் தொண்டை வறண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.*

* வெறிநாய்க்கடி நோய் வந்தவருக்குத் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் என்பார்கள். காற்று முகத்தில் பட்டால்கூட உடம்பு உதறுமாம். வந்துவிட்டால் வைத்தியம் கிடையாது. விஜிலா வந்துபோன நாளிலிருந்து, தண்ணீர் குடிக்கும் முன் டம்ளரைக் கொஞ்சநேரம் பார்க்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: “வாழைமட்டை நாரையும் நெல் உமியையும் கஞ்சிப் பசையில் குழைத்து, பலகையாக அழுத்திக் காயவைத்தால் அது தெர்மோகோலைப்போலவே குளிரைப் பிடித்துவைக்கும். வேலை முடிந்ததும் மண்ணில் போட்டால் சில வாரங்களில் மக்கி…”

நிறுத்திவிட்டேன். விளம்பரத் தாளின் வாடை. ஆனால் விஷயம் உங்களுக்கு வேண்டும், அதனால் அடிக்கவில்லை.

இரண்டாவது தொடக்கம்: “ஒரு காலத்தில் முத்துக் குளித்த இந்தக் கடற்கரையில்…” இதை அடித்தாயிற்று. தன் வீட்டில் எவர் முத்துக் குளித்தார் என்று விஜிலாவுக்கே தெரியாது. கணவன் மனுவேல் சரக்குக் கப்பலில் இருக்கிறான். அவளிடம் ஒரு தகரக் கொட்டகையும், அழுத்தும் இயந்திரம் ஒன்றும், கூட வேலை செய்யும் நான்கு பெண்களும் இருந்தார்கள். இறால் ஏற்றுமதிக்காரர்களும் மருந்துக் கடைக்காரர்களும் அவளுடைய பெட்டிகளை வாங்க ஆரம்பித்திருந்தார்கள். கடலில் மிதக்கிற தெர்மோகோலைப் பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்டுத் தொடங்கிய தொழில்.

மூன்றாவது தொடக்கம் பெட்டியின் வாடையிலிருந்து ஆரம்பிக்கிறது. இப்போதைக்கு அதுதான் நிற்கிறது.

3

பெட்டியைத் திறந்ததும் மழையில் நனைந்த வைக்கோலின் வாடை அடித்தது. விஜிலா மூக்கைப் பொத்தவில்லை. இன்னும் கிட்டக் குனிந்தாள்.

இடம், ரெக்சனின் மருந்து மொத்தக் கடை. ரெக்சன் அவளுக்குச் சித்தி மகன், மூத்தவன். அவளுடைய பெட்டியை நம்பி முதலில் வாங்கியவனும் அவன்தான். குளிரில் வைக்க வேண்டிய மருந்துகள் மதுரையிலிருந்து அந்தப் பெட்டிகளில்தான் அவனுக்கு வரும். காலிப் பெட்டிகளை அவள் எடுத்துப் போவாள். மண்ணில் புதைத்து, மக்குவதைப் படம் பிடித்து, வாங்குகிறவர்களுக்கு அனுப்புவாள். அந்தப் படங்களில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

உள்பலகையில் விரலை வைத்தாள். விரல் உள்ளே போனது. பலகை புட்டுபோல் உதிர்ந்தது. மூலைகளில் வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தது.

“ரெக்சன் அண்ணே, இது வரும்போதே இப்படித்தான் இருந்துச்சா?”

“ஆமா. பார்சல் ஆபீசுல கெடந்துட்டு, பிந்தித்தான் கைக்கு வந்துச்சு. ஐஸெல்லாம் உருகி, தொட்டா சூடா இருந்துச்சு. ஒடனே எடுத்து பிரிஜ்ல வச்சிட்டேன்.”

“என்ன மருந்து?”

“நாய்க்கடி ஊசி.”

அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அந்தப் பெட்டிகளைச் செய்த வாரம் மழை விடவே இல்லை. பலகைகள் காயவில்லை. அன்று ஒரு பலகையை நகத்தால் கீறிப் பார்த்தாள். கீறல் பதிந்து நின்றது. நன்றாகக் காய்ந்த பலகையில் நகம் பதியாது. ஆனால் பெட்டிகளை மதுரைக்கு ஏற்றிப்போக வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது. போகிற வழியில் காய்ந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அனுப்பிவைத்தாள்.

மக்குவதற்கென்று செய்த பெட்டி மக்கத்தான் செய்தது. மருந்து உள்ளே இருக்கும்போதே மக்கிவிட்டது, அவ்வளவுதான்.

4

“எத்தன பேருக்குப் போட்டிருக்கு?” என்று கேட்டாள்.

“கிளினிக்குல ரெண்டு பேருக்கு. மிச்சத்தத் திருப்பி வாங்கித் தனியா வச்சிருதேன். போதுமா?”

“அந்த ரெண்டு பேரு?”

“ஏளா, மருந்து பாக்க நல்லாத்தான இருக்கு. தெளிவா இருக்கு. பிரிஜ்லயும் வச்சாச்சு.”

“ஊசிப்போன சோத்த பிரிஜ்ல வச்சா நல்ல சோறாயிருமாண்ணே?”

(ஊசி, ஊசிப்போனது. இந்தச் சிலேடையை நான் தேடி வைக்கவில்லை. அவள் வாயில் அப்படி வந்திருக்கிறது. கதையில் இப்படி ஒன்றை நான் வைத்திருந்தால் வெட்கப்பட்டு அடித்திருப்பேன்.)

ரெக்சன் கடைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “வெளிய தெரிஞ்சா ஒன் தொழில் போச்சு, என் கட போச்சு, ஒன்ன நம்பியிருக்க பொம்பளைங்க பொழப்பும் போச்சு. கடிக்கிற நாய்க்கெல்லாம் வெறியா இருக்கு? ஒண்ணும் ஆவாது. நீ சும்மா இரு.”

இந்த இடத்தில்தான் எனக்கு விஜிலாமேல் சந்தேகம் வருகிறது. முதல் வரைவில் அவளை அங்கிருந்தே பதறியடித்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடவிட்டிருந்தேன். வாசித்துப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. யார் ஓடுவார்கள்? நான் ஓடியிருப்பேனா? ஆகவே அவளிடமே கேட்டேன்.

“சும்மா இருந்திரலாம்னுதான் நெனச்சேன் அண்ணாச்சி” என்றாள். “நல்ல மனசு, கெட்ட மனசுன்னு எல்லாம் எழுதிராதீங்க. கொட்டகைக்குப் போனேன், வேல பாத்தேன். ஆனா வாரப்ப போறப்ப, செவுத்துல ஒட்டியிருக்க கண்ணீர் அஞ்சலி போஸ்டரெல்லாம் நின்னு பாக்க ஆரம்பிச்சிட்டேன். ஒவ்வொரு மொகத்தயும் பாக்கேன். எந்த மொகத்தத் தேடுதேன்னே தெரியல. தெரியாத மொகத்த எப்பிடித் தேட? அந்தப் பயத்துலதான் வந்தேன்.”

இதை அப்படியே வைத்துவிட்டேன்.

கிளினிக்குக்குப் போய் விசாரித்தாள். உள்ளூர்க்காரன் என்பதால் என் வீட்டுக்கு நர்ஸ் அடையாளம் சொன்னாள். இன்னொருவரைப்பற்றி அவளுக்குத் தெரிந்தது, சுடலைக்கண்ணன் என்ற பெயரும் உப்பு லாரி டிரைவர் என்பதும் மட்டும்தான். அடுத்த ஊசிக்கு அவர் வரவே இல்லை.

5

என்னை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, விஜிலா ஸ்கூட்டரில் உப்பளச் சாலைக்குப் போனாள்.

வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் குத்தின. லாரி நிற்கிற இடமெல்லாம் கேட்டாள். “எந்தச் சுடலக்கண்ணன்? எந்த வண்டி?” என்று திருப்பிக் கேட்டார்கள். எதற்குத் தேடுகிறாள் என்றும் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு காரணம் சொன்னாள். கடைசியில் ஒரு டீக்கடையில், டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார்:

“நாய் கடிச்சுச்சே, அந்த ஆளா? கொற்கைக்காரன். காய்ச்சல்னு ஊருக்குப் போயிட்டான்.”

காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் ஸ்கூட்டரைக் கொற்கைப் பக்கம் திருப்பினாள்.

கொற்கை அவளுக்குப் புதிதல்ல. வழிநெடுக வாழைத் தோட்டங்கள். வெட்டிப் போட்ட மட்டைகளை அவள் வாங்குவது இந்தப் பக்கத்தில்தான். வரப்பிலிருந்து ஒருவர், “என்னக்கா, நாருக்கா வந்திய?” என்று கூப்பிட்டார். பதில் சொல்லாமல் போனாள்.

சுடலைக்கண்ணன் வீட்டில் அவர் மனைவி முத்துக்கனி வந்து கதவைத் திறந்தாள். உள்ளே புழுங்கியது. கட்டிலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஓர் ஆள். மேலே காற்றாடி நின்றிருந்தது.

“கரண்டு இல்லையாக்கா?” விஜிலா கேட்டாள்.

“கரண்டு இருக்கு. காத்தாடியப் போடாதன்னு சொல்லுதாவ. காத்து பட்டா தாங்கலயாம்.”

அந்த நோயில் காற்று பட்டால் உடம்பு உதறும் என்பது விஜிலாவுக்கும் தெரியும். ‘பிந்திவிட்டேன்’ என்று நினைத்தாளாம். இந்த வரிக்குப் பிறகு என் பேனா வெகுநேரம் நின்றது. கட்டிலில் கிடக்கிற ஆளையும் என்னையும் கடித்தது ஒரே நாய்.

சுடலைக்கண்ணன் போர்வையை விலக்கித் தும்மினார். மறுபடி தும்மினார். “குளிருது, யாரு?” என்றார். முத்துக்கனி நீட்டிய சுக்குத் தண்ணீரை வாங்கி, ஊதி ஊதி முழுவதும் குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை விஜிலா அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, மறுபடி ஊசி போட வேண்டும் என்று சொன்னாள்.

“ஊசிதான் போட்டாச்சே” என்றார் அவர்.

“அது கெட்டுப்போன மருந்துண்ணே. என் பெட்டியில வந்துது. பலக காயாமலே அனுப்பிட்டேன். உள்ள மக்கிப்போச்சு.”

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். “ஒன் பெட்டி மக்குச்சுன்னா நான் ஏம்மா சாவணும்?”

இதற்கு விஜிலா சொல்லத்தக்க பதில்கள் மூன்றை எழுதினேன். மூன்றும் நன்றாகவே இருந்தன. மூன்றையும் அடித்துவிட்டேன். அவள் தலைகுனிந்து நின்றாள்.

முத்துக்கனிதான் கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தாள். கொடியிலிருந்து சட்டையை உருவி அவர்மேல் போட்டாள். “சண்டையப் பெறவு வச்சுக்கிடலாம். எந்திரிங்க.”

6

அவர்கள் வந்துசேரும்வரை அரசு மருத்துவமனையில் என் முறை வரவில்லை; ஒரே பெஞ்சில் எங்கள் மூவரையும் உட்கார வைத்திருந்தார்கள். நான், நடுவில் விஜிலா, அந்தப் பக்கம் சுடலைக்கண்ணன். முத்துக்கனி வரிசையில் நின்றிருந்தாள்.

மருத்துவர் இளம்பெண். விஜிலா சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். கடிவாயில் போட வேண்டிய மருந்தையும் சேர்த்து, எங்கள் இருவருக்கும் ஊசியை முதலிலிருந்து ஆரம்பித்தார். காய்ச்சல் வெறும் நீர்க்கோவைதான் என்றார்.

“இனிமேல் ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டர்?” என்று கேட்டேன்.

“பெரும்பாலும் ஆகாது. முதல்லயே நல்ல மருந்து போட்டிருந்தா இன்னும் நல்லது. சில மாசம் கவனமா இருங்க.”

‘பெரும்பாலும்’. எத்தனையோ கட்டுரைகளில் யோசிக்காமல் பயன்படுத்திய சொல். அந்தப் பெஞ்சில் அது எங்களோடு நான்காவது ஆளாக உட்கார்ந்திருந்தது.

சுடலைக்கண்ணன் விஜிலாவைத் தாண்டி என் பக்கம் சாய்ந்தார். “அண்ணாச்சி, நீங்க கத எழுதுறவியளாமே? இத எழுதினா, எனக்கு ஒண்ணும் ஆவலன்னு எழுதிருங்க. லாரி ஓட்டிக்கிட்டு நல்லா இருக்கான்னு எழுதுங்க. எழுத்துல இருந்தா ஒரு தெம்பு.”

நான் தலையாட்டப் போனேன்.

“அப்பிடி எழுதாதீங்க அண்ணாச்சி” என்றாள் விஜிலா. “நல்லா இருக்கான்னு எழுதிட்டா, படிக்கிறவங்க மூடி வச்சிட்டுப் போயிருவாங்க. நானும் மூடி வச்சிருவேன். எனக்கு மறந்திரும். மறந்துட்டா அடுத்த மழையில மறுபடியும் வண்டி வந்து நிக்கும், நானும் ஏத்தி விட்டிருவேன்.”

சுடலைக்கண்ணன் அவளை முறைத்தார். “ஒனக்கு மறக்கக் கூடாதுங்கதுக்கு நான் பயந்துகிட்டே கெடக்கணுமா?”

“இல்லண்ணே” என்றாள். வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

7

நடந்தது இவ்வளவு: விஜிலா அந்த மழை வாரத்துப் பெட்டிகள் போன இடங்களுக்கெல்லாம் போன் செய்து, திரும்ப வாங்கிக்கொண்டாள். காரணத்தையும் சொன்னாள். வாங்கியவர்களில் பலர் தெர்மோகோலுக்கே போய்விட்டார்கள். ரெக்சன் மாதா கோயிலில் அவளைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான். வேலை செய்த பெண்களில் இருவர் நின்றுவிட்டார்கள். மற்ற இருவரோடும் அவள் இன்னமும் பலகை அழுத்துகிறாள். நகம் பதிந்தால் அந்தப் பலகை அடுப்புக்குப் போகிறது. சுடலைக்கண்ணனுக்குத் தினமும் போன் செய்கிறாள். “இருக்கேன்மா, சாவல” என்று அவர் எரிந்து விழுகிறார். ஆனால் போனை எடுக்கத் தவறுவதில்லை.

இனி முடிவு. இரண்டு எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: ‘மாதங்கள் ஓடின. உப்பு லாரியின் ஜன்னல் வழியாக ஒரு கை விஜிலாவைப் பார்த்து அசைந்தது.’ சுடலைக்கண்ணன் கேட்ட முடிவு. எழுதும்போது எனக்கும் இதமாக இருந்தது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

இரண்டாவது முடிவு: ‘அன்று காலை முத்துக்கனி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவர் கையை நீட்டி அதை வாங்கி, வாயருகே கொண்டுபோய்’

இல்லை. இதை முடிக்க மாட்டேன். அவர் பெயருக்குப் பதிலாக என் பெயரைப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் முடியவில்லை.

இதை எழுதுகிற இன்று நாங்கள் இருவரும் இருக்கிறோம். மருத்துவர் சொன்ன மாதங்கள் கழியவில்லை. நீங்கள் வாசிக்கிற நாளில் அவை கழிந்துபோயிருக்கும். ஆகவே இந்தக் கதையின் கடைசி வரி எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியலாம். தூத்துக்குடிப் பக்கம் வந்தால் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். தெரிந்ததை என்னிடம் சொல்ல வேண்டாம், எனக்குக் கேட்கத் தைரியமில்லை. நார்ப்பெட்டிக் கொட்டகை என்றால் வழி காட்டுவார்கள். எதுவானாலும் விஜிலாவிடம் போய்ச் சொல்லுங்கள். அவள் கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டு, நின்று கேட்பாள்.