ஜூனிபர் மேட்டுக்குச் சாலை இல்லை

பிற்பகல் இரண்டு மணிக்கே புகையில் வெளிச்சம் செத்துவிட்டது. அமெரிக்காவின் ஓரிகன் மலைக்காட்டுத் தீ, காற்று திரும்பியதும் ஊர்களை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

மாவட்ட இணையதளம் கோரின் ஹால்வர்சனின் பொறுப்பு. எந்த ஊர்க்காரர்கள் எந்தச் சாலையில் வெளியேற வேண்டும் என்று ஊருக்கு ஒரு பக்கம். கூட்டம் மொத்தமாக வந்தாலும் தளம் படுத்துவிடாதபடி, பக்கங்களை முன்கூட்டியே ஆக்கி வைத்துவிடுவாள். எல்லா ஊருக்கும் ஒரே வார்ப்பு, ஒரே டெம்ப்ளேட்தான். தீயணைப்புத் துறை அனுப்பும் பட்டியலிலிருந்து ஊர் விவரங்களை எடுத்து அதில் நிரப்பி, அறுபத்திரண்டு கோப்புகளாக எழுதித் தள்ளும் அவளுடைய ஜாவாஸ்கிரிப்ட் நிரல். அத்தனையும் சரியாக வந்தால்தான் புதியது தளத்தில் ஏறும்; ஒன்று இடறினாலும் காலையில் போட்ட பழைய பக்கங்களே நிற்கும்.

இடறியது. திரையில் சிவப்பு வரி: ஜூனிபர் மேடு, சாலைப் பெயர் இல்லை.

"என்னம்மா, இன்னும் பழசே காட்டுது!" தொலைபேசியில் கத்தினார் மாவட்டக் காவலான ஷெரிஃப் அலுவலகத்து ராய்ஸ். "ஜனங்க எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிக்கிறாங்க!"

பக்கத்து இருக்கை டெல்பர்ட் எட்டிப் பார்த்தான். "பேர் காலியா இருந்தா நெடுஞ்சாலைன்னு போட்டுக்கன்னு ஒரு வரி எழுதிவிடு கோரின். ஒரு ஊருக்காக மத்த அறுபத்தோரு ஊரையும் நிறுத்தி வைப்பியா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எழுதினாள். நிரலை ஓட்டப் போன விரல் நின்றது. பட்டியலில் மற்ற ஊர்களுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து நிரப்பியவர்கள் இதை மட்டும் ஏன் விட்டார்கள்?

"ராய்ஸ், ஜூனிபர் மேட்டுக்கு எந்த ரோடு?"

"பட்டியல்லயே இருக்குமே."

"இல்ல. காலியா இருக்கு. கேட்டுச் சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பவே!"

தொலைபேசியின் மறுமுனையில் ராய்ஸின் வயர்லெஸ் கரகரத்தது. டெல்பர்ட் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ராய்ஸ் திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"நெடுஞ்சாலைப் பாலம் எரியுது. அவங்களுக்கு ரோடே கிடையாது. கல்குவாரிக்குள்ள போய் இருக்கச் சொல்லணுமாம், அங்க வெறும் பாறை, எரிய ஒண்ணுமில்ல."

"இத யாருமே சொல்லலியே எனக்கு!"

"இப்பதான் எனக்கே தெரியும்மா."

டெல்பர்ட்டின் வரியை அழித்தாள். டெம்ப்ளேட்டிலோ சாலைக்குத்தான் இடம் இருந்தது. சாலை இல்லாத ஊருக்கு, தங்க வேண்டிய இடத்தைக் காட்டச் சொல்லி எழுதினாள். அவசரத்தில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போய் மறுபடியும் சிவப்பு. டெல்பர்ட்தான் கண்டுபிடித்தான். திரையில் அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினான். மூன்றாம் முறை அறுபத்திரண்டும் ஏறின. ஜூனிபர் மேட்டின் பக்கத்தைத் தன் கைபேசியில் திறந்து எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே கோரின் மூச்சு விட்டாள்.

ஆறரைக்கு ராய்ஸ் கூப்பிட்டார். குவாரியில் முப்பத்தேழு பேர். தீ சுற்றிக்கொண்டு போய்விட்டது. எல்லாரும் உயிரோடு இருந்தார்கள்.

"ஒரு புருஷன் பொண்டாட்டி மட்டும் பழைய பக்கத்தப் பாத்துட்டுப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பியிருக்காங்க. அந்தாளுக்குக் கை வெந்துபோச்சு. உன்னைத்தான் திட்டித் தீக்கிறாரு."

"திட்டட்டும். நம்பர் குடுங்க, நானே பேசறேன்."

"இன்னிக்கு வேணாம்மா."

"குடுங்க ராய்ஸ்."

எழுதிக்கொண்டாள். உடனே கூப்பிட்டாள்; மூன்றாவது மணியில் அந்த ஆளின் மனைவி எடுத்தாள். "அந்தப் பக்கத்தப் போட்டவ நான்தாங்க," என்றாள் கோரின்.