வெள்ளைக் கோடும் முளைக்கீரையும்

ஸ்ரீரங்கனுக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்று கிழக்குத் தாம்பரத்தில் அவர் செயலாளராக இருந்த காலனியே நம்பியது. அவரும் நம்பினார். நம்பாத ஒரே ஆத்மா அவர் மனைவி வேதா. பெண்கள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிற டீச்சர். ஆனால் அவள் வாயைத் திறப்பதில்லை. கல்யாணமான புதிதில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், கிரகணத்தைப் பற்றி அவர் ஏதோ அளந்துவிட, இவள் நாலு பேர் எதிரில் திருத்திவிட்டாள். மனுஷன் இரண்டு நாள் வீட்டில் கை நனைக்கவில்லை. "புருஷனைச் சபையிலே விட்டுக்கொடுக்கலாமா?" என்று மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதோடு சரி.

எண்பத்தெட்டாம் வருஷம் மார்கழியில் ஒரு காலை. காலனிப் பிள்ளையார் கோயிலில் பஜனை முடிந்து எல்லோரும் தொன்னையில் பொங்கலோடு நின்றார்கள். ஏரிக்கு மேலே, நல்ல உயரத்தில், ஒரு விமானம் வெள்ளையாகக் கோடு கிழித்துக்கொண்டு போனது. வழக்கமாகச் சட்டென்று மறைகிற கோடு அன்றைக்கு மறையவில்லை. அகலமாகிப் பஞ்சுபோலப் பரவியது.

"அது என்ன சார்?" என்று எதிர்வீட்டு லோகநாயகி கேட்டாள். யாரைக் கேட்பாள், அவரைத்தான்.

"ஜெட் பிளேனும்மா. மிச்ச பெட்ரோலைக் கொட்டிண்டே போறான். வெயிட் குறையணுமோல்லியோ?"

"ஐயையோ, கீழே விழாதா?"

"விழாம எங்கே போகும்?"

லோகநாயகிக்கு முகம் வெளுத்தது. நேற்று வாங்கிய முளைக்கீரையில் இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி இருந்ததாம். "அதேதான்!" என்றார் ஸ்ரீரங்கன். ஏரிக்கரையில் பாத்தி கட்டி அந்தக் கீரையை விற்பவள் பொன்னியம்மாள். "நாளைலேர்ந்து அவகிட்ட யாரும் வாங்காதீங்கோ" என்று தீர்ப்பும் ஆயிற்று.

பக்கத்தில் நின்ற வேதாவுக்கு எல்லாம் தெரியும். விமானத்தின் எஞ்சினில் எரிபொருள் எரிந்தால் புகையோடு நீராவியும் வரும். ஆறு மைல் உயரத்தில் இருக்கிற குளிரிடம் நம் வீட்டு ஃப்ரிட்ஜ் பிச்சை வாங்க வேண்டும். அந்தக் குளிரில் நீராவி, புகைத்துகளைப் பிடித்துக்கொண்டு பொடிப்பொடியாக உறைந்துவிடும். வெள்ளைக் கோடு என்பது அந்த ஐஸ்பொடிதான். மேலே காற்று உலர்ந்திருந்தால் சீக்கிரம் மறையும், ஈரமாக இருந்தால் நின்று பரவும். கீழே வந்து யார் கீரையிலும் விழாது. இலைப் புள்ளியோ பனிக்காலத்தில் வருகிற பூஞ்சை. இத்தனையும் நாக்கு நுனிவரை வந்தது. பொங்கலோடு சேர்த்து விழுங்கிவிட்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒரு வாரத்துக்குள் நாலு தெருவும் பொன்னியம்மாளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டது. வேதாவும் வாங்கவில்லை. செயலாளர் வீட்டிலேயே கீரை கடைந்தால் நன்றாகவா இருக்கும்?

அதற்கிடையில் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றிக் கேட்டாள். வேதா உற்சாகமாகப் போர்டில் விமானம் வரைந்து, கணீரென்று விளக்கினாள். லோகநாயகியின் மகள் எழுந்தாள். "மிஸ், உங்காத்து மாமா அது பெட்ரோல்னாரே?" வகுப்பு சிரித்தது. "போர்டில் இருக்கறதை எழுது" என்று அதட்டி உட்காரவைத்தாள். அன்று முழுக்க அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

தை பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னியம்மாளே வந்து கேட்டைத் தட்டினாள். கூடையில் நாலைந்து கட்டுதான் இருந்தது.

"இன்னா டீச்சரம்மா, நீயும் வாங்க மாட்டேன்னுட்ட? மேல ஏரோப்ளேன் இன்னாத்தையோ ஊத்துதாம், கீரை வெசமா கீதாம். முத்திப்போச்சு எல்லாம். பாத்தியில ஆட்டை வுட்டுட்டேன். நாளைக்கு சித்தாள் வேலைக்குப் போறேன். இந்த வயசுல செங்கல் தூக்கணும்னு எழுதிக்கீது."

உள்ளே ஹாலில் ஸ்ரீரங்கன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேதா ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கேட்டருகே போய்க் குனிந்தாள்.

"பெட்ரோலும் இல்லை, விஷமும் இல்லை, பொன்னியம்மா. எஞ்சின்லேர்ந்து வர்ற ஆவி மேலே குளிர்ல ஐஸாயிடறது. அவ்வளவுதான். கீழே விழவே விழாது. உன் கீரையில ஒரு தப்பும் இல்லை."

பொன்னியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் துணிச்சல் வேண்டுமே. "முன்னாடியே தெரியும்" என்றாள் வேதா.

"தெரிஞ்சிகினேதான் சும்மா இருந்தியா?"

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற அவசரத்தில், "எல்லாக் கட்டையும் கொடு, நானே எடுத்துக்கறேன்" என்றாள் வேதா.

"உனக்கு வாணாம், வுடு." பொன்னியம்மாள் கூடையை இடுப்புக்கு ஏற்றினாள். "நல்ல சேதிதானே சொல்ற? அத்த இன்னாத்துக்கு இவ்ளோ மெதுவா சொல்ற?"

பதிலுக்காக அவள் நின்றாள். வேண்டுமென்றேதான் நின்றாள். எதிர்வீட்டு வாசலில் லோகநாயகி கோலத்தை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது குரலை ஒரு படி உயர்த்தினால் போதும், தெரு முழுக்கக் கேட்டுவிடும். கடைசி பெஞ்சு வரை எட்டுகிற குரல் வேதாவுடையது. அது வரவே இல்லை.

"சர்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் பொன்னியம்மாள் போய்விட்டாள்.

வேதா உள்ளே வந்தாள். ஸ்ரீரங்கன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"யாரு, கீரைக்காரியா? என்னவாம்?"

"ஒண்ணுமில்லேன்னா" என்றாள் வேதா.