பொறுத்துப் பிடி

அண்ணன் கிடங்கில் வாங்கியிருந்த முன்பணம் ஆறாயிரத்து இருநூற்று நாற்பது. சிமெண்டு மூட்டை சரிந்து கை முறிந்தபோது வாங்கியது. வாரக்கூலியில் பிடித்துக்கொள்வார்கள். வேலைக்கு வராத வாரம் பிடிக்க வேண்டாமென்று முதலாளியே சொல்லியிருந்தார்.

கிடங்குக் கணக்குக்குக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதியவள் தங்கை. அவள் எழுதும் மொழியில் கழித்தல் குறியின் அர்த்தத்தையே மாற்ற முடியும். அண்ணன்மேல் இருந்த பாசத்தில் மாற்றிவிட்டாள்: ஆள் விடுப்பில் இருந்தால், அவன் பெயரில் எதைக் கழித்தாலும் கழியாது. இரண்டு வரி வேலை.

மூட்டை இருப்பும் அதே புரோகிராமில்தான் ஓடியது. அண்ணன் முன்பு அடுக்கி, அவன் பெயரில் பதிந்திருந்த மூட்டை அட்டியை, அவனோடு சுமை தூக்கும் கூட்டாளிகள் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். திரையிலோ ஒரு மூட்டைகூடக் குறையவில்லை. மாசக் கடைசியில் எண்ணிப் பார்த்த முதலாளி, மூட்டை எங்கே என்று கூட்டாளிகளின் சட்டையைப் பிடிக்காத குறை.

அன்று ராத்திரி தங்கை தான் மாற்றிய இரண்டு வரியைத் தேடிப் பார்த்துவிட்டு அண்ணனிடம் வந்தாள்.

"தப்பு என்னோடதுண்ணே. உனக்காகக் கழித்தலையே வளைச்சேன். அது எல்லா இடத்துலயும் வளைஞ்சிடுச்சு."

"என் கை வளைஞ்சது போதும். காலைல போய்ச் சொல்லிடு."

"வேலை போயிடும்."

"அவனுங்க எனக்காக என் பங்கையும் தூக்கினவனுங்க பாப்பா. திருட்டுப் பேரோட வீட்டுக்குப் போகணுமா?"

கட்டுப்போட்ட கையோடு கூடவே போய் நின்றான். முதலாளி கத்தித் தீர்த்தார். பிறகு கூட்டாளிகளைக் கூப்பிட்டுத் தன் வாயாலேயே மன்னிப்புக் கேட்டார். தங்கையிடம், சாயங்காலத்துக்குள் சரிசெய் என்றார்.

கழித்தலை அதன் பழைய அர்த்தத்துக்கே விட்டுவிட்டாள். முன்பணத்துக்கென்று புதிதாக ஒரு கட்டளை சேர்த்தாள்: பொறுத்துப்பிடி. அதைக் கூப்பிட்டால்தான் விடுப்பைப் பார்க்கும். மற்ற கணக்குப் பக்கம் தலைவைத்தும் படுக்காது.

முறிந்த கை கூடிவந்தது. அண்ணன் மறுபடி மூட்டை தூக்கினான். ஒரு சம்பள நாளில் தங்கை திரையைத் திருப்பிக் காட்டினாள். அவன் பெயருக்கு நேரே சைபர்.

"அப்ப அந்தப் புது வார்த்தையை எடுத்துடலாமே? என் கடன்தான் தீந்துபோச்சே."

"இருக்கட்டும்ணே. அது யாரை என்ன பண்ணுது?"

வெளியே ஒல்லி என்கிற கூட்டாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்துகொண்டிருந்தான். அண்ணன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டான்.