சீமாட்டிக்குக் கண்ணீர், தங்கச்சிக்குச் சேலை

கிருபாகரனுக்கு அழுகை வந்தால் இங்கிலீஷில்தான் வரும். அதைத் தங்கை தெரசா என்றைக்கோ கண்டுகொண்டாள். அப்பா செத்த அன்றுகூட அவன் கைக்குட்டையை எடுக்கவில்லை, தங்கங்களே. நானூறு வருஷத்துக்கு முந்திச் சீமையில் வாழ்ந்த எலினார் சீமாட்டிக்காக மட்டும் மூக்கைச் சிந்துவான். மதுரையில் காலேஜ் வாத்தியார். அந்த அம்மாளின் குடும்பக் கதையை எழுதித்தான் டாக்டர் பட்டம் வாங்கப்போகிறானாம்.

பழங்காநத்தத்தில் வாழ்க்கைப்பட்ட தெரசாவைக் கோச்சடை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்திருந்தார்கள். எதற்கென்று பஸ் ஏறும்போதே அவளுக்குத் தெரியும். வயிறு நிறையக் கறிச்சோறு போட்டு, பட்டுச்சேலை கொடுத்து, சொத்தில் பங்கு வேண்டாமென்று கையெழுத்து வாங்கிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் அவளுக்கும் சரிபாதி உண்டு. அப்பாவோடு சேற்றில் நின்று கொடி கட்டியவள் அவள். அண்ணன் வரப்பைத் தாண்டியதில்லை. செருப்பு நனைந்துவிடுமாம்.

டெரிலின் சட்டையில் குழம்பு படாமல் எலும்பை உறிஞ்சிக்கொண்டே கிருபாகரன் சீமாட்டி கதையை ஆரம்பித்தான்.

“ஒரே மகம்மா அவ. பெத்த அப்பனே நெலத்தைப் பூராம் தன் தம்பி பேருக்கு எழுதிட்டான். கையெழுத்துப் போடுன்னு சித்தப்பன் மெரட்டுறான், புருசன் மெரட்டுறான். குளிருக்கு வெறகுகூடக் குடுக்கல. ஈவு இரக்கமில்லாத பயலுக!” கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“போட்டாளாண்ணே?”

“ராசாவே கூப்புட்டுச் சொன்னாரு. மாட்டேன்னுட்டா. என்னா பொம்பள!”

“என்னா பொம்பள,” என்று தெரசா மோரை ஊற்றிக்கொண்டாள்.

கை கழுவியதும் அம்மா இன்னாசியம்மாள் தாம்பாளத்தை நீட்டினாள். மேலே பூவும் பழமும், நடுவில் அரக்குச் சேலை, அடியில் பத்திரம். பேனா மூடியைக்கூட அண்ணன் கழற்றி வைத்திருந்தான்.

“ஒரு கையெழுத்துத்தான் ஆத்தா. ஒனக்குச் செய்யாம விட்ருவேனா?”

“அந்தச் சீமாட்டிக்கு நெலம் கெடச்சுச்சாண்ணே?”

“கெடைக்காம? சித்தப்பன், அவன் மகன், அம்புட்டுப் பேரும் போய்ச் சேந்தாங்க. நாப்பது வருசம் அசையாம நின்னாள்ல!” பெருமையில் மீசை துடித்தது. வாயை மூடிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

“எனக்கு முப்பத்தொண்ணுதான் ஆகுது. நானும் நிக்கிறேன்.” தாம்பாளத்தைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். “சேலைய அண்ணி கட்டட்டும். அரக்கு அவுகளுக்குத்தான் எடுப்பு.”

“அடியே, கூடப் பொறந்தவன்டி!”

“வெறகு குடுக்காதவனும் ஒறவுதாம்மா.”

“அது வேற, இது வேற!” என்று கிருபாகரன் கத்தினான். “அது சரித்திரம்!”

“நல்லா எழுதுண்ணே. சித்தப்பன் பேச்சு வர்ற எடத்துல மட்டும் நீ யோசிக்கவே வேணாம்.”

செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். பழங்காநத்தம் பஸ் வந்தது. ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய்ச் சோழவந்தான் பஸ்ஸுக்கு நின்றாள். இனிமேல் பறிக்கிற வெற்றிலையில் பாதி தன் வீட்டுக்கு வரவேண்டுமென்று கொடிக்கால் பார்க்கிற வீரணனிடம் இருட்டுவதற்குள் சொல்லியாக வேண்டும்.