ஸ்க்ரூவைச் சுற்றிப் போன கோடு

எனக்கு நிச்சயமான ராபின், எங்கள் சர்ச்சில் கிட்டார் வாசிப்பவன். கிட்டார் சத்தத்தை மாற்ற அவன் காலால் மிதிக்கும் பெடலுக்கான சர்க்யூட் போர்டை, கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை முடிந்து வந்து நான்தான் வரைந்தேன். சின்ன சுவிட்ச் பெட்டிக்குள் எல்லாம் அடங்க வேண்டும். பெட்டியின் ஸ்க்ரூ இடித்ததால், ஒரு செம்புக் கோட்டை மட்டும் அதைச் சுற்றி வளைத்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெடலைத் திறந்து பார்த்த அவன் நண்பன் சாம்சன், "மச்சான், சூப்பரா கீதுடா! யாரு வரைஞ்சது?" என்றான்.

"நான்தான்டா" என்றான் ராபின்.

விளையாடுகிறான் என்றே நினைத்தேன். திருத்திக்கொள்ள அவனுக்கு ஒரு வழி விட்டு, "இந்தக் கோடு ஏன் வளைஞ்சிக்கினு போவுது?" என்று கேட்டேன்.

"அப்பதான் சவுண்டு ஸ்மூத்தா வரும், மோனி. ஒனக்குச் சொன்னா புரியாது" என்றான், என் முகத்தைப் பார்த்தே.

அடுத்த பெடலுக்காக வரைந்திருந்ததைப் பையிலிருந்து எடுக்காமலே வீட்டுக்கு நடந்தேன்.