சித்ரகலா கொடுத்த ஜப்பான் பாட்டு

சனிக்கிழமையானால் பனியன் கம்பெனி ஸ்பீக்கரில் ஒரு டெய்லருக்குப் பிடித்த பாட்டைப் போடுவார்கள். அந்த வாரம் சித்ரகலாவின் முறை. செல்போனில் ஆசையாக வைத்திருந்த ஜப்பான் கார்ட்டூன் பாட்டைக் கொடுத்தாள். நான்கு வரி ஓடியதுமே சூப்பர்வைசர் சிவராஜ் அணைத்துவிட்டார்.

"ஏங்கண்ணு, இன்னுமா பொம்மைப் படம் பாக்கறே?"

தையல் லைனே சிரித்தது.

மறுநாள் அவர் கறி வாங்கிவந்தபோது, காலேஜ் படிக்கும் மகள் தமிழ்மதி டிவியோடு சேர்ந்து அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு, கடைசி வரி வரை. பையோடு வாசலிலேயே நின்று கேட்டார். இதையா பாதியில் அணைத்துத் தொலைத்தோம் என்று சுருக்கென்றது.

திங்கட்கிழமை முதல் வேலையாகச் சித்ரகலாவிடம் போனார். "அந்தப் பாட்டக் குடு கண்ணு, முழுசாப் போட்டுரலாம்."

அவள் மிஷினை நிறுத்தவில்லை.

"அன்னைக்கே அழிச்சுப்போட்டனுங்க."